எங்கே பூசப்போறீங்க என்று கேளுங்கள்: சேலம், ஏற்காடு மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் டவுனிலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி வரை கவுண்டரில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நானும் டி.ஃபார்ம் முடித்துவிட்டு இந்த ஊர்க் கடைகளில் நின்றவன்தான். இப்போது அதே படிப்புப் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதனால் இதை மேலிடத்திலிருந்து வரும் சர்க்குலராக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரக் இன்ஸ்பெக்டர் பெயரைச் சொல்லி மிரட்டவும் வரவில்லை. அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கத் தோலில் பூசும் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் பற்றி மட்டும் பேசணும், அதுவும் அது தோல் வழியாக உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி. அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பது என் எண்ணம்.

நம் கடைகளில் தினமும் நடப்பதுதான். ஒருவர் வருகிறார், சட்டைப் பையிலிருந்து ஆயின்மென்ட் அட்டைப்பெட்டியின் கிழித்த மூடியை எடுத்து நீட்டி, "இதே ஒண்ணு குடுங்கண்ணா" என்கிறார். சில பேர் ட்யூபையே கொண்டு வருவார்கள், வாலிலிருந்து கழுத்து வரை சுருட்டிச் சுருட்டிப் பிழிந்து, பெயர் பாதி அழிந்து போயிருக்கும். நீங்கள் பெயரைப் படிக்கிறீர்கள், கை ரேக்குக்குப் போகிறது, காசு டிராயருக்குள் விழுகிறது, அடுத்த ஆள் வந்தாச்சு. மாத்திரை கேட்டிருந்தால் "யாருக்கு, எத்தனை வயசு" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பீர்கள். ஆயின்மென்ட் என்றால் மேலே பூசுவதுதானே, உள்ளே போகப் போவதில்லையே என்று நம் எல்லாருக்கும் ஒரு அலட்சியம். போகிறதுங்க. எவ்வளவு போகிறது என்பது எங்கே பூசுகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்காமல் விடுகிறோம்.

1967-ல் அமெரிக்காவில் ஃபெல்ட்மன், மைபாக் என்று இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். ஹைட்ரோகார்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டில் கதிரியக்கக் கார்பனை அடையாளமாகச் சேர்த்து, அதே அளவு மருந்தை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி, அடுத்த 5 நாள் சிறுநீரைச் சேகரித்து, எவ்வளவு மருந்து ரத்தத்துக்குள் போய் வெளியே வருகிறது என்று கணக்கு எடுத்தார்கள். முன்கையின் உள்பக்கம் பூசியதில் சுமார் 1 சதவீதம்தான் உள்ளே போயிருந்தது. அதை 1 என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பாருங்கள்: உள்ளங்காலின் குழிவில் 0.14. முதுகில் 1.7. மண்டையில் 3.5, அக்குளில் 3.6, நெற்றியில் 6. தாடை ஓரத்தில் 13. ஆண்களின் விதைப்பையில் 42.

நாற்பத்தி ரெண்டு. உள்ளங்காலோடு ஒப்பிட்டால் 300 மடங்கு. அதே ட்யூப், அதே விலை, அதே பேட்ச் நம்பர். காலில் பூசினால் ஒரு மருந்து, விதைப்பையில் பூசினால் வேறொரு மருந்து என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, பரீட்சைக்குப் படித்துவிட்டு கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? தோலின் மேல் அடுக்கு முழுக்கச் செத்த செல்கள். அது ஒரு செங்கல் சுவர் மாதிரி: தட்டையான செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. மருந்து செங்கல்லைத் துளைத்துப் போவதைவிட இந்தச் சாந்து வழியாகத்தான் வளைந்து வளைந்து அதிகமாகக் கீழே இறங்குகிறது. கொஞ்சம் மயிர்க்கால் வழியாகவும் போகும். உடம்பின் பெரும்பாலான இடத்தில் இந்தப் படலத்தின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. உள்ளங்கை உள்ளங்காலில் மட்டும் பல மடங்கு தடிமன். கண் இமையில் தோல் மொத்தமுமே மெல்லிசு. முகத்தில் மயிர்க்கால்கள் நெருக்கம், எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம், கீழே ரத்த ஓட்டமும் ஜாஸ்தி.

மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறை எடை போடும் அலகு அது) மேல் போனால் தோலுக்குள் நுழைவது கஷ்டம் என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். ஹைட்ரோகார்டிசோன் 362. ரொம்ப வீரியமான ஸ்டீராய்டான க்ளோபெட்டசால் ப்ரோப்பியோனேட் 467. இரண்டும் தாராளமாக உள்ளே போகும். பெயருக்குப் பின்னால் வரும் அந்த ப்ரோப்பியோனேட், வேலரேட் எல்லாம் சும்மா ஒட்டு இல்லை. மூலக்கூறைக் கொழுப்பில் கரையும்படி ஆக்கி, அந்தச் சாந்து வழியாக சுலபமாக இறங்க வைப்பதற்குத்தான் அதைச் சேர்க்கிறார்கள்.

இதில் கவுண்டரில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. ஹைட்ரோகார்டிசோன் ட்யூபில் 1 சதவீதம் என்று போட்டிருக்கும், க்ளோபெட்டசாலில் 0.05 சதவீதம். "இது கம்மி பவர்தானுங்க, முகத்துக்குப் போடலாம்" என்று புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் ஒரு அம்மாவிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நம்பரைப் பார்த்தால் அவனுக்கு அப்படித்தான் தோன்றும், அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ரத்தக் குழாயைச் சுருக்கும் திறனை வைத்து அளந்தால் க்ளோபெட்டசால் ஹைட்ரோகார்டிசோனைவிடச் சுமார் 600 மடங்கு வலுவானது. வெளிநாட்டுப் பட்டியல்களிலும் நம் ஊர்ப் பட்டியல்களிலும் உச்சியில் இருப்பது அதுதான். 0.05 என்று இருப்பதே அதன் வீரியத்தால்தான். உங்கள் கடையில் புது ஆள் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் மூடி வைப்பது. 1962-ல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் கையில் ஸ்டீராய்டு பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பார்த்தார்கள். மூடாமல் பூசியதைவிட உள்ளே போவது 100 மடங்கு வரைகூடக் கூடியது. தோல் வியர்த்து ஈரத்தில் ஊறினால் அந்தச் செத்த படலம் தளர்ந்து வழி விடுகிறது, சூடு ஏறினால் இன்னும் வேகம். அடுத்த வருஷமே விக்கர்ஸ் என்பவர் இன்னொன்றைக் காட்டினார்: மருந்து பூசி மூடியிருந்த தாளைப் பிரித்து, பல நாள் கழித்து, புதிதாக எதுவும் பூசாமல் வெறும் பிளாஸ்டிக்கை மட்டும் சுற்றினாலும் அந்த இடம் மறுபடி வெளுத்தது, ரத்தக் குழாய் சுருங்கியதன் அடையாளம் அது. அதாவது மருந்து செத்த படலத்திலேயே தங்கி நின்று, மூடியதும் மீண்டும் கீழே இறங்கியது. பெரும்பாலான ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினாலே போதும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் என்ன சொல்கிறோம்? "காலையில மத்தியானம் ராத்திரி மூணு வேளை போடுங்க." சாப்பாட்டு மாத்திரைக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது.

சரி, பிளாஸ்டிக் யார் சுற்றப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் இறுக்கமான ஜீன்ஸ் போட்டு பைக்கில் சுற்றும் பையனின் தொடை இடுக்கு என்ன? ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நாள் பூரா ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிக் கிடக்கும் கால் என்ன? குழந்தைக்குக் கட்டிவிடும் டயாப்பர் என்ன? எல்லாமே மூடிச் சுற்றியதுதான். அக்குள், மார்புக்கு அடியில், வயிற்று மடிப்பு எல்லாம் தோலே தோலை மூடிக்கொள்ளும் இடங்கள். ஆக விதைப்பை போல ஏற்கெனவே 42 மடங்கு இழுக்கும் இடத்தில் வியர்வையும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நம் ஊரில் பெரிய வியாபாரம் இந்த இடுக்கு அரிப்புதான், ஒளிவு மறைவு எதற்கு. படர்தாமரை. வெயில் காலத்தில் வெள்ளிப் பட்டறையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கொலுசு பற்ற வைப்பவர், தறியில் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர், எல்லாருக்கும் வரும். கூச்சத்தில் டாக்டரிடம் போகமாட்டார்கள், நம்மிடம் வந்து, பக்கத்தில் பெண்கள் யாராவது நின்றால் அவர்கள் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நாம் என்ன எடுத்துக் கொடுக்கிறோம்? மூணு மருந்து, நாலு மருந்து சேர்த்த கூட்டு க்ரீம்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ, கூடவே க்ளோபெட்டசாலோ பெக்லோமெத்தசோனோ. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். அவர் சந்தோஷமாகப் போவார். அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு. அதே ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிட்டதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. வட்டமான ஓரம் மறைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாதபடி உருமாறுகிறது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்புகிறது, ஆள் திரும்ப வருகிறார், "அந்த மருந்து நல்லா கேட்டுச்சு, ஆனா நிறுத்துனா வந்துருது" என்கிறார். நல்லாக் கேட்டது என்று அவர் சொல்வதைத்தான் நாமும் நம்புகிறோம்.

சில மாதத்தில் அந்த மடிப்பில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ கோடு கோடாக விழும், கர்ப்பிணிகள் வயிற்றில் பார்ப்போமே அது போல. அது மறையாது. இருபது வயதுப் பையனுக்கு அது ஆயுசுக்கும் இருக்கும். பூஞ்சை குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஒட்டும், ஒரே துண்டு, ஒரே பாய். இப்போது நாடு முழுக்க சாதாரண பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை பரவிக் கிடக்கிறது, தோல் டாக்டர்கள் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணங்கள் பல. அதில் இந்தக் கூட்டு க்ரீமுக்கும் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இந்த மாதிரி க்ரீம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் உங்கள் ரேக்கைத் திரும்பிப் பாருங்கள், ஸ்டீராய்டு கலந்த வகைகள் எத்தனை நிற்கின்றன என்று.

இன்னொரு சூட்சுமம், இது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரே பிராண்ட் பெயர், ஒரே கலர் அட்டை, பின்னால் ஒரு எழுத்து மட்டும் கூடும். எழுத்து இல்லாதது வெறும் பூஞ்சை மருந்து, எழுத்து சேர்ந்தது ஸ்டீராய்டு கலந்தது. அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துப் போட்டுவிடுகிறோம். இரண்டையும் ஒரே அடுக்கில் வைக்காதீர்கள். ஸ்டீராய்டு உள்ளதெல்லாம் தனி டிராயரில் போய்விட்டால் கை தானாகப் போகாது, திறப்பதற்குள் ஒரு நொடி யோசனை வரும்.

முகத்துக்கு வருவோம். கல்யாண சீசனுக்கு முன்னால் கவனித்திருப்பீர்கள், பெண் பிள்ளைகள், இப்போது பையன்களும், சிகப்பழகுக்கு என்று வந்து ஒரு குறிப்பிட்ட ட்யூப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். தோழி சொன்னாள், பார்லர் அக்கா சொன்னாங்க. ஸ்டீராய்டு பூசினால் முதலில் முகம் வெளுக்கத்தான் செய்யும். தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நிறமியும் குறைகிறது, வீக்கம் வடிகிறது. கண்ணாடியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். தாடைக்கு 13, நெற்றிக்கு 6 என்ற கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். சில வாரத்தில் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரியும், பரு வரும், கன்னத்தில் ரோமம் வளரும், வெயில் பட்டால் எரியும். பயந்து போய் நிறுத்தினால் முகமே சிவந்து வீங்கி எரிகிறது, மறுபடி பூசினால்தான் அடங்குகிறது. அப்புறம் அந்த ட்யூப் இல்லாமல் அவளால் வெளியே போக முடியாது.

2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்தியா முழுக்க 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரை விசாரித்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டாக்டர் அல்லாதவர்கள் சொல்லித்தான் ஆரம்பித்தவர்கள். டாக்டர் அல்லாதவர்கள் என்றால் யார் யார்? சொந்தக்காரர், பக்கத்து வீடு, பார்லர், நாம்.

இதில் இன்னொரு சுழல் இருக்கிறது, இதைப் பாடத்தில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், புரிந்துவிட்டது என்று. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கிறது. தோல் மெலிந்தால் அடுத்த வாரம் அதே அளவு பூசினாலும் முன்பைவிட அதிகம் உள்ளே போகிறது. அதிகம் போவதால் இன்னும் மெலிகிறது. புண்ணான தோல், சொறிந்து சொறிந்து உரிந்த தோல், தீக்காயத் தோல் இவற்றுக்கும் இதே கதிதான், காவலே இல்லாத இடம், மருந்து நேரே உள்ளே. கண் இமையில் பூசினால் கண்ணுக்குள்ளும் கசியும், கண் அழுத்தம் ஏறும், நாளடைவில் புரை வரும். கண்ணைச் சுற்றி அரிப்பு என்று வருபவருக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுக்கவே கொடுக்காதீர்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை.

குழந்தைகள் விஷயம் சொல்லியாக வேண்டும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. அதனால் எடைக்கு ஒப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவதும் அதே மாதிரி கூடும். டயாப்பர் கட்டிய இடம் சிவந்து போயிருக்கிறது என்று பாட்டிமார் வருவார்கள், மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்களாக இருந்தால் மறுபடி ஏற வேண்டுமே என்ற அவசரம் வேறு. வீட்டில் பெரியவருக்கு வாங்கிய ட்யூபையே போட்டிருப்பார்கள், நல்லாக் கேட்டது என்று இன்னொன்று கேட்பார்கள். க்ளோபெட்டசால் டயாப்பருக்கடியில் தொடர்ந்து பூசியதால் கன்னம் உப்பி, உடம்பு வீங்கி, முகம் வட்டமாகிப் போன குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எத்தனையோ பதிவுகள் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் குழந்தை கொழுகொழுவென்று தேறிவிட்டது என்று மகிழ்வார்கள். உள்ளே சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருகிறது என்று தன் ஸ்டீராய்டு உற்பத்தியை நிறுத்தியிருக்கும். திடீரென்று ட்யூப் தீர்ந்து, அதே நேரம் குழந்தைக்குக் காய்ச்சலும் வந்தால் நிலைமை ஆபத்து. டயாப்பர் சிவப்புக்கு முதலில் டயாப்பரை அவிழ்த்துக் காற்றாட விடச் சொல்லுங்கள், துத்தநாகம் கலந்த களிம்பு கொடுங்கள், இரண்டு நாளில் அடங்கவில்லை என்றால் டாக்டர்.

பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு, நமக்கு ரொம்ப உபயோகமான கணக்கு. க்ளோபெட்டசாலை ஒரு நாளைக்கு 2 கிராம் என்ற அளவில் பூசினாலே அட்ரினல் சுரப்பி அடங்க ஆரம்பிக்கலாம் என்று அதன் குறிப்புத் தாளிலேயே போட்டிருக்கிறது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது என்பதும் அதே தாளில்தான். சரி, 2 கிராம் என்றால் எவ்வளவு? 30 கிராம் ட்யூப் 15 நாளில் தீர்ந்தால் 2 கிராம். மாதம் இரண்டு தடவை ஒரே முகம் வந்து ஒரே 30 கிராம் ட்யூப் வாங்கினால் அவர் அந்த எல்லையில் நிற்கிறார். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை, ரத்தப் பரிசோதனை தேவையில்லை, உங்கள் ஞாபகம் போதும். மெடிக்கல்காரர்களுக்கு முகம் ஞாபகம் இருப்பது போல வேறு யாருக்கும் இருக்காது.

அளவு சொல்லும் வழியும் சுலபம். 1991-ல் லாங், ஃபின்லே என்ற இருவர் கொண்டு வந்த விரல் நுனிக் கணக்கு. ட்யூபைப் பிதுக்கி, பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு. அது அரை கிராம். அந்த ஒரு கோடு, விரல்களையும் சேர்த்து அவருடைய இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். "கொஞ்சமா பூசுங்க" என்று சொன்னால் ஒருவருக்குக் கொஞ்சம் என்பது மிளகளவு, இன்னொருவருக்கு நெல்லிக்காயளவு. விரலைக் காட்டிச் சொன்னால் வேலை முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அடுத்த தலைவலி. பட்டறையில் அமிலத்திலும் மெருகுப் பொடியிலும் கை வைத்து வைத்து உள்ளங்கை தடித்து, வெடித்து, ரத்தம் கசிந்து வேலையை விடும் நிலைக்கு வந்த ஒருவருக்கு வீரியமான ஸ்டீராய்டு வரப்பிரசாதம். உள்ளங்கையின் தடித்த தோலை ஹைட்ரோகார்டிசோன் போட்டு அசைக்க முடியாது. அதனால்தான் டாக்டர் அங்கே க்ளோபெட்டசாலோ, சாலிசிலிக் அமிலம் சேர்த்த பீட்டாமெத்தசோனோ எழுதுகிறார், சாலிசிலிக் அந்தச் செத்த படலத்தைக் கரைத்து வழி திறந்துவிடும். தடித்த தோலுக்கு, டாக்டர் சொன்ன நாள் வரை, சரியான மருந்து. அவரிடம் போய் "ஐயோ இது ஸ்டீராய்டு, போடாதீங்க" என்று நாம் பயமுறுத்தினால், பாதியில் நிறுத்திவிட்டுக் கை வெடிப்போடு மறுபடி அமிலத் தொட்டிக்குப் போவார். அதே ட்யூபை அதே ஆள் வீட்டுக்குக் கொண்டு போய் மகள் முகத்துக்கும் தன் தொடைக்கும் பூசாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. "இது கைக்கு மட்டும்" என்று அட்டைப்பெட்டி மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள். பேனா நம் காதில்தான் செருகியிருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஷெட்யூல் எச். முன்பெல்லாம் பூசும் ஸ்டீராய்டுக்கு அதில் ஒரு விலக்கு இருந்ததால் சீட்டு இல்லாமல் விற்கலாமா கூடாதா என்று ஒரு மங்கல் இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 பூசும் ஸ்டீராய்டுகளை அந்தப் பட்டியலில் சேர்த்து அறிவித்துவிட்டது. பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கிழித்த அட்டை மூடி சீட்டு ஆகாது. மூணு வருஷத்துக்கு முன்னால் அக்கா பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த சீட்டும் ஆகாது.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். "நான் குடுக்கலைன்னா எதிர்க்கடையில வாங்கிட்டுப் போறான்." உண்மைதான். அதனால்தான் ஒரு கடைக்காரருக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அஸ்தம்பட்டியில் ஒரு வரிசைக் கடைகள், ஐந்து ரோட்டில் ஒரு வரிசை, ஏற்காட்டில் இருக்கும் சில கடைகள் என்று அந்தந்தத் தெருக்காரர்கள் டீக்கடையில் நின்று பேசி முடிவெடுத்தால் போதும், மாநாடு கூட்ட வேண்டாம். ஸ்கீம் போட்டுத் தள்ளிவிட்டுப் போகும் மருந்துக் கம்பெனி ரெப்பிடம் "கூட்டு க்ரீம் எங்களுக்கு இனிமே கம்மியா போதும்" என்று நாலு கடை சேர்ந்து சொன்னால் அவருக்கும் கேட்கும்.

"தோல் டாக்டர்கிட்ட போக அவங்களுக்குக் காசு ஏதுங்க" என்பது அடுத்தது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொண்டை ஊசி வளைவு 20-ஐயும் இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது என்பது நிஜம். ஆனால் டவுனில் நம் பெரியாஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, பதிவுச் சீட்டுக்குக் காசில்லை, மருந்தும் அங்கேயே கொடுக்கிறார்கள். நாலு மாசம் மாற்றி மாற்றிக் கூட்டு க்ரீம் வாங்கிய காசையும், அதன் பிறகு கெட்டுப்போன தோலைச் சரி செய்ய ஆறு மாசம் சாப்பிடும் மாத்திரைக் காசையும் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு நாள் கூலி பெரிதில்லை. போகவே மாட்டேன் என்பவருக்கு, இடுப்பில், காலில், தெளிவாக வட்டமாகத் தெரியும் படர்தாமரை என்றால் ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் மாதிரி வெறும் பூஞ்சை க்ரீமைக் கொடுங்கள். அரிப்பு நிற்க ஒரு வாரம் ஆகும், அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரமாவது பூசணும், துணியை வெயிலில் காய வைக்கணும், துண்டைத் தனியாக வைக்கணும் என்று சொல்லிக் கொடுங்கள். முதல் இரண்டு நாளில் அற்புதம் நடக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் "இது கேக்கலை, பழசையே குடுங்க" என்று வந்து நிற்பார்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் முகத்துக்கோ உடம்புக்கோ பூசிக்கொண்டிருப்பவர் வந்தால் "உடனே நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் பெரும்பாலும் நிறுத்துவார்கள், அதை டாக்டர்தான் பார்த்துச் செய்யணும். அவரைக் கட்டாயம் அனுப்பி வையுங்கள், திட்டாமல்.

டாக்டர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கே பூச வேண்டும், எத்தனை நாள் பூச வேண்டும் என்று எழுதாமல் ட்யூப் பெயரை மட்டும் கிறுக்கி அனுப்பும் சீட்டுகள் நிறைய வருகின்றன. டாக்டரே இல்லாதவர்கள் எழுதும் சீட்டுகளும் வருகின்றன, அவர்கள் யார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டாக்டர்களுக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை இடமும் நாளும் எழுதாத சீட்டு வந்தால், அதிலிருக்கும் நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்கள், சார் எங்கே, எத்தனை நாளைக்கு என்று. இரண்டு தடவை போன் போனால் மூன்றாவது சீட்டில் அவரே எழுதிவிடுவார்.